குறட்டைச் சத்தம் ஆழ்ந்த நித்திரையின் அடையாளமா?

"அவருக்கென்ன, தலையணையில் தலை வைத்த உடனே நித்திரை. குறட்டைச் சத்தம் கீழ் அறைக்கும் கேட்கும். கொடுத்து வைத்த மனிசன்!"

இலண்டனில் எங்கள் வீடுகளில் இப்படிச் சொல்லிச் சிரிப்பது வழக்கம். ஹரோவில் ஒரு வீடாக இருக்கலாம், ஈஸ்ட்ஹாமில் அல்லது டூட்டிங்கில் ஒரு வீடாகவும் இருக்கலாம். அப்பா கடையையோ பெற்றோல் நிலையத்தையோ பூட்டிவிட்டு வந்து, சாப்பிட்டுப் படுத்தால் ஐந்து நிமிடத்தில் குறட்டை தொடங்கும். விடிய எழும்பும்போது வாய் காய்ந்திருக்கும், தலை இடிக்கும். "எட்டு மணித்தியாலம் படுத்தும் களைப்புப் போகவில்லை" என்பார். பின்னேரம் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தபடியே மறுபடியும் தூங்கி விழுவார். கும்பகர்ணன் என்று பிள்ளைகள் பகிடி பண்ணுவார்கள்.

ஆனால் அந்த வீட்டில் ஆழ்ந்த நித்திரை மிகக் குறைவாக உள்ளவர் அவராகவே இருக்கக்கூடும். நித்திரையில் திரும்பத் திரும்ப மூச்சு நின்றுபோகும் "ஸ்லீப் அப்னியா" என்ற நோய் கடுமையாக உள்ளவர்கள் எத்தனை மணித்தியாலம் படுத்தாலும், உடலுக்கும் மூளைக்கும் தேவையான ஆழ்நித்திரை அவர்களுக்குப் போதிய அளவு கிடைப்பதில்லை. இது சோம்பலும் அல்ல, வயது போனதன் விளைவு மட்டுமும் அல்ல. சிகிச்சையால் சீர்செய்யக்கூடிய ஒரு நோய். அதைப் பற்றித்தான் இந்த முறை நலவாழ்வுப் பக்கத்தில் பார்க்கப் போகிறோம்.

நித்திரையின் படிகள்

நித்திரை என்பது இரவு முழுவதும் ஒரே மாதிரியான ஒரு நிலை அல்ல. முதலில் இலேசான நித்திரை. யாராவது கதவைத் தட்டினால் உடனே விழித்துவிடுவோம். அடுத்தது நடுத்தர நித்திரை. இரவின் பெரும்பகுதி இதில்தான் கழிகிறது. மூன்றாவது படிதான் ஆழ்நித்திரை. இந்த நேரத்தில் மூளையின் மின்னலைகள் பெரியனவாகவும் மெதுவானவையாகவும் மாறுகின்றன. இதயத்துடிப்பும் மூச்சும் சீராகின்றன, குருதி அமுக்கம் இறங்குகிறது. இவற்றைவிடக் கனவு நித்திரை என்று ஒன்று உண்டு. அதில் கண்கள் மூடிய இமைகளுக்குள் வேகமாக அசையும், உடல் தசைகள் முற்றாகத் தளர்ந்திருக்கும்.

இந்தப் படிகள் சேர்ந்த ஒரு சுற்று ஏறக்குறைய 90 நிமிடம். ஓர் இரவில் நாலைந்து சுற்றுகள் வரும். ஆழ்நித்திரை பெரும்பாலும் இரவின் முதல் மூன்றில் ஒரு பகுதியில் கிடைக்கிறது. கனவு நித்திரை விடியற்காலையை நோக்கி அதிகமாகிறது. வயது கூடக்கூட ஆழ்நித்திரை எல்லோருக்கும் குறையும். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு காரில் இருந்து கட்டிலுக்குப் போனாலும் அவர்கள் எழும்பாததும், தாத்தாமார் சிறு சத்தத்துக்கும் விழித்துக்கொள்வதும் இதனால்தான்.

தொண்டையில் என்ன நடக்கிறது?

நித்திரையாகும்போது தொண்டையின் தசைகள் தளர்கின்றன. நாக்கின் அடிப்பகுதி பின்னால் சாய்கிறது. மூச்சுப்பாதை ஏற்கெனவே ஒடுங்கியிருந்தால் காற்று அதனூடாக உரசிக்கொண்டு போகும். அந்த அதிர்வுதான் குறட்டை. பாதை முற்றாக ஒட்டிக்கொண்டால் குறட்டையும் நின்றுவிடும், மூச்சும் நின்றுவிடும். நெஞ்சும் வயிறும் மூச்சு இழுக்கப் போராடும், ஆனால் காற்று உள்ளே போகாது. குருதியில் ஒட்சிசன் குறையத் தொடங்கும். அப்போது மூளை அபாய மணி அடித்து ஆளை அரைகுறையாக எழுப்பும். ஒரு பெரிய செருமலோடு தொண்டை திறக்கும், குறட்டை மீண்டும் தொடங்கும். இந்த விழிப்பு சில விநாடிகளே நீடிப்பதால் காலையில் ஞாபகம் இருக்காது.

மூச்சு குறைந்தது 10 விநாடி நின்றாலோ, அதே அளவு நேரத்துக்கு நன்றாகக் குறைந்தாலோ அதை ஒரு தடவை என்று கணக்கிடுகிறார்கள். மணித்தியாலத்துக்கு 5 முதல் 15 தடவைக்குள் என்றால் இலேசானது. 15 முதல் 30க்குள் நடுத்தரமானது. 30 அல்லது அதற்கு மேல் என்றால் கடுமையானது. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மணித்தியாலத்துக்கு 40 தடவை மூச்சுத் தடைப்படும் ஒருவர் ஆறு மணித்தியாலம் படுத்தால் 240 தடவை. அதாவது ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு தடவை யாரோ தோளில் தட்டி எழுப்புவது போன்றது. அப்படி எழுப்பினால் எவரால்தான் ஆழமாக உறங்க முடியும்?

வாசல் வரை போய்த் திரும்புவது

இந்த நோயில் பலருக்கும் தெரியாத ஒரு விந்தை உண்டு. ஆழ்நித்திரையின்போது மூச்சுத் தடைகள் பொதுவாகக் குறைவு. அந்த நிலையில் மூச்சு உறுதியாக நடக்கும், தொண்டையும் இலேசில் மூடிக்கொள்வதில்லை. மோசமான தடைகள் பெரும்பாலும் கனவு நித்திரையில்தான் வருகின்றன. தசைகள் முற்றாகத் தளர்வதால் அந்த நேரத்தில் மூச்சு நீண்ட நேரம் நின்றுபோகலாம். இலேசான, நடுத்தரப் படிகளிலும் தடைகள் ஏராளம்.

அப்படியென்றால் கடுமையான அப்னியா உள்ளவருக்கு ஆழ்நித்திரைதான் பாதுகாப்பான இடம். ஆனால் அங்கே போய்ச் சேர, இலேசான படியையும் நடுத்தரப் படியையும் தடையில்லாமல் கடக்க வேண்டும். அவர் ஒவ்வொரு படியாக இறங்க முயல்கிறார், தொண்டை மூடிக்கொள்கிறது, மூளை அவரை மேலே இழுத்துவிடுகிறது. மறுபடியும் முதலாம் படியில் இருந்து தொடங்குகிறார். இரவு முழுவதும் வாசல் வரை போய்த் திரும்பும் கதைதான். நித்திரைப் பரிசோதனையில் இப்படிப்பட்டவர்களுக்கு இலேசான நித்திரை அளவுக்கு மேல் கூடியும், ஆழ்நித்திரை குறைந்தும் காணப்படுவது வழக்கம். சிலருக்கு ஆழ்நித்திரை அநேகமாக இல்லாமலே போய்விடுகிறது. வேறு சிலருக்கு ஓரளவு மிஞ்சியிருக்கும். ஆகவே கொஞ்சம் ஆழ்நித்திரை இருக்கிறது என்பதால் நோய் இல்லை என்றும் எண்ணிவிடக் கூடாது.

"அப்படியானால் அவரைத் தட்டி எழுப்பினாலும் எழும்புவதில்லையே, அது ஆழ்ந்த உறக்கம் இல்லையா?" என்று கேட்கலாம். இது கடன்காரன் நிலைமை. பல வருடமாகச் சேர்ந்த நித்திரைக் கடனால் உடல் கண்ட இடத்தில் உறங்கத் தவிக்கிறது. படுத்த உடனே தூங்கிப் போவதும், பஸ்ஸில் இருந்தபடி தூங்குவதும் அந்தக் கடனின் அடையாளங்கள். நல்ல நித்திரைக்கான சான்றிதழ் அல்ல.

ஆழ்நித்திரை ஏன் முக்கியம்?

வளர்ச்சி ஹோர்மோன் பெருமளவு சுரப்பது ஆழ்நித்திரையின்போது. பகலில் படித்ததையும் கேட்டதையும் மூளை ஞாபகத்தில் பதிப்பதற்கும் இந்த நித்திரை உதவுகிறது. நாள் முழுவதும் உழைத்த இதயத்துக்கும் குருதிக் குழாய்களுக்கும் ஓய்வு கிடைப்பதும் இப்போதுதான்.

நீரிழிவு அதிகமாக உள்ள எங்கள் சமூகம் கவனிக்க வேண்டிய ஓர் ஆய்வு 2008இல் அமெரிக்காவின் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் இருந்து வெளிவந்தது. ஆரோக்கியமான 9 இளைஞர் யுவதிகளை மூன்று இரவுகள் உறங்க விட்டார்கள். அவர்கள் ஆழ்நித்திரைக்குள் இறங்கும்போதெல்லாம், முற்றாக எழுப்பிவிடாமல் சத்தம் எழுப்பி இலேசான நித்திரைக்குக் கொண்டுவந்தார்கள். படுத்திருந்த நேரம் குறையவில்லை, ஆழம் மட்டும் குறைந்தது. மூன்று இரவுகளில் அவர்களின் உடல் இன்சுலினுக்குக் காட்டும் பிரதிபலிப்பு ஏறக்குறைய 25 வீதம் குறைந்தது. சிறிய ஆய்வுதான். ஆனால் சொல்லும் செய்தி பெரியது. மணித்தியாலக் கணக்கு சரியாக இருந்தாலும் ஆழம் இல்லாவிட்டால் உடல் தண்டனை கொடுக்கிறது. கடுமையான அப்னியா உள்ளவருக்கு அந்தச் சத்தத்தை எழுப்புவது அவருடைய சொந்தத் தொண்டை. மூன்று இரவுகள் அல்ல, வருடக்கணக்காக.

இந்த நோய் உள்ளவர்களிடம் உயர் குருதி அமுக்கம், இரண்டாம் வகை நீரிழிவு, இதயத்துடிப்பு ஒழுங்கீனம், பக்கவாதம் ஆகியவை கூடுதலாகக் காணப்படுகின்றன. இரவில் இரண்டு மூன்று தடவை சிறுநீர் கழிக்க எழும்புவதும் இதன் அறிகுறிகளில் ஒன்று. நாங்கள் அதைச் "சலரோகம்" என்றோ வயது என்றோ தள்ளிவிடுகிறோம்.

எங்களுக்கு ஏன் கூடுதல் கவனம் தேவை?

பருமனானவர்களுக்கு மட்டும் வரும் நோய் என்பது தவறான எண்ணம். கழுத்திலும் நாக்கிலும் சேரும் கொழுப்பு முக்கிய காரணம் என்பது உண்மை. ஆனால் தாடையின் அமைப்பு, மூக்கடைப்பு, பெரிய டொன்சில், வயது என்பனவும் காரணங்கள். தெற்காசியர்களுக்கு எடை கூடுவதால் வரும் ஆபத்து மற்றவர்களைவிடக் குறைந்த எடையிலேயே தொடங்குகிறது. அதனால்தான் பிரித்தானியாவில் உடல் நிறைச் சுட்டெண் பொதுவாக 25க்கு மேல் போனால் அதிக எடை என்று சொல்லும்போது, எங்களுக்கு அந்த எல்லையை 23 என்று வைத்திருக்கிறார்கள்.

மும்பையில் நடுத்தர வயது ஆண்களிடம் நடத்தப்பட்டு 2004இல் வெளியான ஆய்வு ஒன்றில், பகல் தூக்கத்துடன் கூடிய ஸ்லீப் அப்னியா 7.5 வீதமானோருக்கு இருப்பதாகக் கணக்கிட்டார்கள். இந்தி இசையமைப்பாளர் பப்பி லஹிரி 2022 பெப்ரவரி 15இல் மும்பையில் தமது 69ஆவது வயதில் காலமானபோது, ஸ்லீப் அப்னியாவையும் நெஞ்சுத் தொற்றையும் காரணங்களாக வைத்தியர்கள் கூறினார்கள். அப்போதுதான் இந்த நோயின் பெயரையே முதன்முதலாகக் கேள்விப்பட்டவர்கள் பலர். பிரித்தானியாவில் 15 இலட்சம் பேருக்கு இது இருக்கலாம் என்றும், அவர்களில் பெரும்பாலானோருக்கு அது தெரியாது என்றும் பிரிட்டிஷ் லங் பவுண்டேஷன் 2014இல் கணக்கிட்டது.

பெண்களுக்கும் இது வரும். மாதவிடாய் நின்ற பிறகு கூடுதலாக வரும். ஆனால் பெண்களிடம் பெருங்குறட்டைக்குப் பதிலாகக் களைப்பு, காலைத் தலையிடி, நித்திரையின்மை, மனச்சோர்வு என்று வெளிப்படலாம். "வீட்டு வேலை, வெளி வேலை இரண்டும் செய்தால் களைப்பாகத்தானே இருக்கும்" என்று அம்மாமார் தாங்களே அதை மூடிவிடுவது உண்டு.

பிக்விக் முதல் சிட்னி வரை

இலண்டனின் பெரும் எழுத்தாளர் சார்ல்ஸ் டிக்கன்ஸ் 1836, 1837ஆம் ஆண்டுகளில் எழுதிய "பிக்விக் பேப்பர்ஸ்" நாவலில் ஜோ என்று ஒரு பருத்த பையன் வருகிறான். நின்றபடியே தூங்குவான், குறட்டை விடுவான். 1956இல் அமெரிக்க வைத்தியர்கள் இதே அறிகுறிகளோடு வந்த ஒரு நோயாளியைப் பற்றி எழுதியபோது அந்தப் பையனை நினைத்து "பிக்விக் நோய்" என்று பெயரிட்டார்கள். நித்திரையில் தொண்டை அடைபட்டு மூச்சு நின்றுபோவது 1965இல் பிரான்சிலும் ஜேர்மனியிலும் கருவிகளால் பதிவு செய்யப்பட்டது. ஆனால் கடுமையான நோயாளிகளுக்கு அந்தக் காலத்தில் இருந்த உறுதியான வைத்தியம், தொண்டைக்குக் கீழே கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைப்பதுதான்.

இந்த நிலையை மாற்றியவர் அவுஸ்திரேலியாவின் சிட்னியைச் சேர்ந்த வைத்தியர் கொலின் சலிவன். வக்கியூம் கிளீனர் மோட்டாரைக் கொண்டு காற்று ஊதும் கருவி ஒன்றை அமைத்து, மூக்கில் பொருந்தும் முகமூடி வழியாக மெல்லிய அழுத்தத்தில் காற்றைச் செலுத்தினார். அந்தக் காற்று தொண்டைக்கு உள்ளிருந்து தாங்கு கொடுத்தது. கடுமையான நோய் உள்ள ஐந்து பேருக்கு இதைச் செய்த அனுபவத்தை அவரும் சகாக்களும் 1981 ஏப்ரலில் "லான்செற்" மருத்துவ சஞ்சிகையில் வெளியிட்டார்கள். ஐந்து பேருக்கும் தொண்டை அடைபடுவது முற்றாக நின்றது. ஐந்து பேரும் இரவு முழுவதும் தடையின்றி உறங்கினார்கள். இன்று உலகமெங்கும் பாவிக்கப்படும் "சீபாப்" இயந்திரம் இதன் வழிவந்ததுதான்.

சிகிச்சை தொடங்கிய முதல் இரவுகளில் பலருக்கு ஓர் அதிசயம் நடக்கும். பல காலமாகப் பசித்திருந்தவனுக்கு விருந்து கிடைத்தது போல ஆழ்நித்திரையும் கனவு நித்திரையும் வழமையைவிட அதிகமாக வரும். நீண்ட காலத்துக்குப் பிறகு கனவு கண்டதாகச் சிலர் சொல்வார்கள். உடல் தனது கடனை வசூலிக்கிறது. சில நாட்களில் அது வழமைக்குத் திரும்பும். எல்லோருக்கும் முதல் இரவிலேயே இப்படி நடக்கும் என்றில்லை. சிலருக்கு வாரக்கணக்கில் எடுக்கும்.

இலண்டனில் என்ன செய்ய வேண்டும்?

முதலில் உங்கள் குடும்ப வைத்தியரிடம், அதாவது ஜி.பி.யிடம், போங்கள். "களைப்பாக இருக்கிறது" என்று மட்டும் சொன்னால் இரத்தப் பரிசோதனையோடு முடிந்துவிடக்கூடும். ஆகவே கீழ்க்கண்டவற்றில் எவை உங்களுக்கு இருக்கின்றன என்று எழுதிக்கொண்டு போங்கள்:

- பெருங்குறட்டை
- நித்திரையில் மூச்சு நிற்பதை வேறொருவர் கண்டது
- திணறி எழும்புவது
- எழும்பும்போது தலையிடி
- நித்திரை கொண்டும் புத்துணர்ச்சி இல்லாமை
- காரணமில்லாத பகல் தூக்கம் அல்லது களைப்பு
- இரவில் அடிக்கடி சிறுநீர் கழிக்க எழும்புவது
- நித்திரை அடிக்கடி குழம்புவது
- ஞாபக மறதி, கவனக் குறைவு

இவற்றில் இரண்டோ அதற்கு மேலோ இருந்தால் ஸ்லீப் அப்னியா இருக்கிறதா என்று ஆராய வேண்டும் என்பது நைஸ் நிறுவனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டியின் அறிவுரை. உயர் குருதி அமுக்கமோ நீரிழிவோ இருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஜி.பி. உங்களிடம் எப்வேர்த் என்ற எட்டுக் கேள்விகள் கொண்ட படிவத்தைத் தரலாம். புத்தகம் வாசிக்கும்போது, தொலைக்காட்சி பார்க்கும்போது, காரில் போகும்போது தூங்கிவிடும் வாய்ப்பு எவ்வளவு என்று கேட்பார்கள். மொத்தம் 24 புள்ளிகள். 10க்கு மேல் வந்தால் பகல் தூக்கம் அதிகம் என்று அர்த்தம். வெட்கப்பட்டுக் குறைத்து எழுத வேண்டாம்.

பிறகு நித்திரை மருத்துவப் பிரிவுக்கு அனுப்புவார்கள். இலண்டன் பிரிட்ஜில் உள்ள கைஸ் வைத்தியசாலை, செல்சியில் உள்ள ரோயல் பிரொம்ப்டன் வைத்தியசாலை போன்றவற்றில் இதற்கான பெரிய நிலையங்கள் இருக்கின்றன. வேறு வைத்தியசாலைகளிலும் இந்தச் சேவை உண்டு. பெரும்பாலானோருக்கு வீட்டிலேயே பரிசோதனை. ஒரு சிறு கருவியைத் தருவார்கள். மூக்கில் ஒரு குழாய், விரலில் ஒரு கவ்வி, நெஞ்சில் ஒரு பட்டி. அவற்றோடு ஓர் இரவு படுக்க வேண்டும். இது மூச்சையும் ஒட்சிசனையும் அளக்கும். மூளையலைகளை அளக்காது. ஆகவே ஆழ்நித்திரை எத்தனை நிமிடம் என்று வழமையான வீட்டுப் பரிசோதனை சொல்லாது. சிக்கலானவர்களுக்கு மட்டும் வைத்தியசாலையில் தங்கவைத்துத் தலையில் மின்வாய்கள் ஒட்டிப் பார்ப்பார்கள்.

இப்போது பலர் கையில் கட்டும் ஸ்மார்ட் கடிகாரம் காட்டும் "ஆழ்நித்திரை" நிமிடங்களைப் பார்த்து நிம்மதி அடைகிறார்கள், அல்லது பயப்படுகிறார்கள். கடிகாரம் நாடித்துடிப்பையும் அசைவையும் வைத்து ஊகிக்கிறதே தவிர மூளையைப் பார்ப்பதில்லை. 2024 முதல் சில கடிகாரங்களில் அப்னியா பற்றி எச்சரிக்கும் வசதியும் வந்திருக்கிறது. எச்சரித்தால் ஜி.பி.யிடம் போங்கள். எச்சரிக்கவில்லை என்பதால் போகாமல் விடாதீர்கள்.

அறிகுறிகளோடு நடுத்தர அல்லது கடுமையான அப்னியா உள்ளவர்களுக்குச் சீபாப் கொடுக்கலாம் என்று நைஸ் நிறுவனம் 2008இலேயே பரிந்துரைத்தது. என்.எச்.எஸ். இந்த இயந்திரத்தை இலவசமாகவே இரவல் தருகிறது. முகமூடியும் வடிகட்டியும் பழுதடைந்தால் அவர்களிடமே கேட்டு வாங்கலாம். சீபாப் ஒத்துவராதவர்களுக்குக் கீழ்த்தாடையைச் சற்று முன்னால் பிடித்து வைக்கும் பற்கருவி உண்டு. எடை குறைப்பது பெரிதும் உதவும். 2024இல் வெளியான ஒரு பரிசோதனையில், எடை குறைக்கும் ஊசிமருந்தான டிர்செபடைட் பருமனானவர்களின் மூச்சுத் தடைகளை வெகுவாகக் குறைத்தது. ஆனால் வைத்தியர் ஆலோசனை இல்லாமல் இணையத்தில் வாங்கிப் போடும் மருந்து அல்ல அது.

இன்னொரு எச்சரிக்கை. நித்திரை ஆழமாக இல்லை என்று எண்ணி நித்திரைக் குளிசை போடுவதும், படுக்கப் போகும் முன் இரண்டு கிளாஸ் விஸ்கி எடுப்பதும் ஆபத்து. இரண்டும் தொண்டைத் தசையை மேலும் தளர்த்தி, மூளையின் அபாய மணியையும் மந்தமாக்கும். சத்திரசிகிச்சைக்குப் போனால், மயக்க மருந்து கொடுக்கும் வைத்தியரிடம் உங்களுக்கு அப்னியா இருப்பதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

வாகனம் ஓட்டுபவர்களுக்கு

எங்களில் பலர் மினிகாப், டெலிவரி வான், பஸ் ஓட்டிப் பிழைக்கிறோம். "வைத்தியரிடம் போனால் லைசென்ஸ் போய்விடும்" என்ற பயத்தில் நோயை மறைப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பயம் விளங்கக்கூடியதே. ஆனால் மறைப்பதன் விலையையும் எண்ணிப் பாருங்கள். 2006 ஓகஸ்டில் லிவர்பூலுக்கு அருகே எம்.62 நெடுஞ்சாலையில் ஒரு லொறி மோதி 25 வயது இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். லொறிச் சாரதி ஓட்டும்போதே நித்திரையாகிப் போயிருந்தார். அவருக்கு ஸ்லீப் அப்னியா இருந்தது பின்னர்தான் கண்டுபிடிக்கப்பட்டது.

சட்டம் இதுதான். பகல் தூக்கம் அதிகமாக இருந்தால், காரணம் எதுவானாலும், வாகனம் ஓட்டக் கூடாது. அதிகப் பகல் தூக்கத்தோடு நடுத்தர அல்லது கடுமையான அப்னியா இருப்பது உறுதியானால் டி.வி.எல்.ஏ.க்கு அறிவிக்க வேண்டும். அறிவிக்காவிட்டால் 1,000 பவுண் வரை தண்டப்பணம் வரலாம். விபத்து நடந்தால் வழக்கும் வரலாம். ஆனால் இதுவே முடிவல்ல. சிகிச்சையை ஒழுங்காகச் செய்து, நோய் கட்டுப்பாட்டுக்குள் வந்து, பகல் தூக்கமும் குறைந்துவிட்டால் மறுபடியும் ஓட்டலாம். இலண்டனில் மினிகாப் ஓட்டுபவர்களுக்கும் பஸ், லொறிச் சாரதிகளுக்குரிய கடுமையான மருத்துவத் தரமே பொருந்தும். ஓட்டுவதே உங்கள் தொழில் என்றால் அதை ஜி.பி.யிடம் தெளிவாகச் சொல்லுங்கள். அப்படிப்பட்டவர்களுக்கு முன்னுரிமை கொடுத்து அனுப்ப வேண்டும் என்று நைஸ் வழிகாட்டி சொல்கிறது.

முகமூடியோடு பழகுவது

முதல் வாரம் கஷ்டமாகத்தான் இருக்கும். "யானைத் தும்பிக்கை மாதிரி இருக்கிறது" என்று பேரப்பிள்ளைகள் சிரிப்பார்கள். பலர் ஒரு மாதத்தில் இயந்திரத்தை அலுமாரிக்குள் வைத்துவிடுகிறார்கள். அங்கே வைத்த இயந்திரம் யாருக்கும் ஆழ்நித்திரை தராது.

பகலில் தொலைக்காட்சி பார்க்கும்போது அரை மணித்தியாலம் முகமூடியைப் போட்டுப் பழகுங்கள். காற்றுக் கசிந்தால், மூக்குக் காய்ந்தால், தோல் புண்ணானால் நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்து வேறு அளவு முகமூடியோ ஈரப்பதமூட்டியோ கேளுங்கள். பகலில் சோபாவில் சாயும் குட்டித் தூக்கத்துக்கும் அதைப் போடுங்கள். ஊருக்குப் போகும்போது இயந்திரத்தைக் கைப்பொதியில் கொண்டு போங்கள். நிலையத்தில் இருந்து ஒரு கடிதமும், பொருத்தமான பிளக் மாற்றியும் எடுத்துச் செல்லுங்கள். யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் மின்னழுத்தம் இங்குள்ளது போலத்தான்.

சீபாப் எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று சொல்ல முடியாது. இதய அல்லது குருதிக் குழாய் நோய் உள்ள 2,717 பேரிடம் நடத்தி 2016இல் வெளியிட்ட பெரிய ஆய்வில், சீபாப் கொடுத்தவர்களுக்கு மாரடைப்போ பக்கவாதமோ குறைந்ததாகக் காணப்படவில்லை. ஆனால் பகல் தூக்கம் குறைந்தது, மனநிலை தேறியது. அந்த ஆய்வில் பங்குபற்றியவர்கள் இயந்திரத்தைப் போட்டது சராசரியாக இரவுக்கு 3.3 மணித்தியாலம்தான். ஆகவே குருதி அமுக்க மருந்தையும் நீரிழிவு மருந்தையும் நிறுத்திவிடாதீர்கள். முகமூடியையும் பாதி இரவில் கழற்றிவிடாதீர்கள்.

வீட்டில் உள்ளவர்களுக்கு ஒரு வேண்டுகோள்

இந்த நோயின் முதல் சாட்சி நோயாளி அல்ல, பக்கத்தில் படுப்பவர். மூச்சு நின்றுபோவது அவருக்குத் தெரியாது, உங்களுக்குத்தான் தெரியும். இன்று இரவு குறட்டை சட்டென்று நின்றால் நிம்மதி என்று திரும்பிப் படுக்காமல் எண்ணிப் பாருங்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று பத்தைத் தாண்டியும் மூச்சு வராமல், பிறகு திணறலோடு வருகிறதா? கைத்தொலைபேசியில் ஐந்து நிமிடம் படம் பிடியுங்கள். காலையில் அவருக்குக் காட்டுங்கள். "எனக்கு ஒன்றுமில்லை" என்று சொல்பவர்கள்கூட அதைப் பார்த்தால் யோசிப்பார்கள். ஜி.பி.யிடமும் அதைக் காட்டலாம். முடிந்தால் கூடவே போங்கள்.

தனியாக இருக்கும் முதியவர்களுக்கு இந்தச் சாட்சி இல்லை. அவர்களைப் பார்க்கப் போகும்போது தலையிடி, பகல் தூக்கம், இரவில் சிறுநீருக்கு எழும்புவது பற்றி நீங்கள்தான் விசாரிக்க வேண்டும்.

குறட்டை விடுபவர் எல்லோருக்கும் இந்த நோய் இல்லை. ஆனால் குறட்டையோடு மூச்சும் நின்று, பகலில் தூங்கியும் விழுபவரைப் பார்த்து இனிமேல் "கொடுத்து வைத்த மனிசன்" என்று சொல்லாதீர்கள். அவர் நல்ல நித்திரை கண்டு பல வருடம் ஆகியிருக்கலாம். அதை அவருக்குத் திருப்பிக் கொடுக்க வழி இருக்கிறது. ஜி.பி.யிடம் நேரம் எடுப்பதுதான் முதல் வேலை. நாளைக் காலையிலேயே எடுங்கள்.